கல்லூரி ஃபுட்பாலில் டிஃபென்ஸ் கோச் ஆவது எப்படி: உதவிப் பயிற்சியாளர் வேலைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2001ஆம் ஆண்டு சீசனில் கிர்பி ஸ்மார்ட்டுக்கு வயது 25. ஜார்ஜியா மாநிலத்தில் வால்டோஸ்டா ஸ்டேட் என்ற இரண்டாம் டிவிஷன் கல்லூரியின் டிஃபென்ஸ் முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. அடுத்த வருடமே அந்தப் பதவியை விட்டு இறங்கி, ஃப்ளோரிடா ஸ்டேட்டில் கிராஜுவேட் அசிஸ்டன்ட்டாகச் சேர்ந்தார். மேற்படிப்பு படித்துக்கொண்டே அணிக்கு வேலை பார்க்கும் அடிமட்டப் படி அது. ஆனால் அங்கே தலைமைக் கோச் பாபி பவுடன். டிஃபென்ஸை 1984 முதல் நடத்திவந்தவர் மிக்கி ஆண்ட்ரூஸ். இரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டு 2004இல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் (எல்எஸ்யூ) தலைமைக் கோச்சாக இருந்த நிக் சேபனிடம் போனார். 2008இல் அலபாமாவின் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர், அதாவது டிஃபென்ஸ் முழுவதற்கும் பொறுப்பான உதவிக் கோச். 2016 முதல் ஜார்ஜியாவின் தலைமைக் கோச். 2021, 2022 என்று அடுத்தடுத்த இரு சீசன்களில் தேசிய சாம்பியன்.

இந்தக் கட்டுரையில் நான் அடிப்படையாக வைத்துக்கொள்ளும் விஷயம் அந்த 2002இல்தான் இருக்கிறது. இந்தத் தொழிலில் பதவியின் பெயரைத் துரத்துகிறவர்கள் நடுவழியில் நின்றுவிடுகிறார்கள். யாரிடம் கற்கப்போகிறோம் என்று பார்த்து இடம் மாறுகிறவர்கள் மேலே போகிறார்கள், சில சமயம் அதற்காகக் கீழே இறங்கியும்.

அமெரிக்காவில் வளரும் நம் பிள்ளைகள் சிலர் ஹைஸ்கூல் அணியில் ஆடுகிறார்கள். "நான் கோச் ஆகப்போகிறேன்" என்று அவர்களில் ஒருவர் சொன்னால் பெற்றோருக்கு அது என்ன வேலை, எங்கே தொடங்கும், சோறு போடுமா என்று தெரிவதில்லை. அவர்களையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். நான் படிக்கும் காலத்தில் ஒரு சிறிய கல்லூரி அணிக்கு இரண்டு சீசன் பயிற்சியை வீடியோ எடுத்துக் கொடுத்தேன். கோச்சுகள் எப்படி உழைக்கிறார்கள் என்பதை வீடியோ எடுக்கும் மேடையின் உயரத்திலிருந்து தினமும் பார்த்திருக்கிறேன்.

முதலில், வேலை என்னவென்று புரிந்துகொள்ளுங்கள்

ஃபுட்பால் என்று நான் சொல்வது கால்பந்து அல்ல, அமெரிக்க ஆட்டம். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் பக்கம் அஃபென்ஸ். அதற்கு 10 கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு, ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். அதைத் தடுப்பது டிஃபென்ஸ். முன்வரிசையில் டிஃபென்சிவ் லைன், அதற்குப் பின்னால் லைன்பேக்கர்கள், கடைசியில் கார்னர்பேக்குகளும் சேஃப்டிகளும் சேர்ந்த செகண்டரி.

பெரிய கல்லூரிகள் ஆடும் மேல்தட்டுக்கு எஃப்பிஎஸ் என்று பெயர். 130க்கும் மேற்பட்ட அணிகள் அதில் இருக்கின்றன. அதற்குக் கீழே எஃப்சிஎஸ், இரண்டாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன், என்ஏஐஏ, ஜூனியர் காலேஜ் என்று அடுக்கடுக்காக நூற்றுக்கணக்கான கல்லூரிகள். மேலே இருக்கும் அடுக்கு மட்டும்தான் தொலைக்காட்சியில் தெரியும். வேலைகளில் பெரும்பகுதி கீழேதான் இருக்கிறது.

ஓர் எஃப்பிஎஸ் அணியில் தலைமைக் கோச்சுக்கு அடுத்தபடியாக 10 உதவிக் கோச்சுகள் உண்டு. 2018 ஜனவரிக்கு முன்பு ஒன்பது பேர்தான். இவர்களில் பாதிப் பேர் டிஃபென்ஸ் பக்கம். ஒருவர் கோஆர்டினேட்டர், மற்றவர்கள் ஆளுக்கொரு பிரிவு: லைன், எட்ஜ் (லைனின் ஓரத்தில் நிற்பவர்கள்), லைன்பேக்கர், கார்னர், சேஃப்டி. இவர்களுக்குக் கீழே அனலிஸ்ட்டுகள், தர மேற்பார்வைக்காரர்கள், கிராஜுவேட் அசிஸ்டன்ட்டுகள். முன்பு அனலிஸ்ட் மைதானத்தில் நின்று ஆட்டக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தாலும் விதிமீறல். 2024 ஜூனில் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அதைத் தளர்த்தியது. இப்போது எல்லா ஊழியரும் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் கல்லூரி வளாகத்துக்கு வெளியே போய் ஆள் எடுக்கும் உரிமை தலைமைக் கோச்சையும் அந்தப் பத்துப் பேரையும் தாண்டவில்லை. புதிதாக வருகிறவருக்கு இந்த மாற்றம் பெரிய வரம். முன்பு அலுவலகத்திலேயே அடைந்து கிடந்த இளைஞர் இப்போது புல்வெளியில் நின்று கற்பிக்கலாம், தன் திறமையைக் கண் முன்னே காட்டலாம்.

ஆடியிருக்க வேண்டுமா?

ஆடியிருந்தால் கதவு சுலபமாகத் திறக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் அது ஒன்றே வழியும் இல்லை. ஹைஸ்கூலில் தோள்பட்டை அறுவை சிகிச்சைகளால் ஆட்டத்தைத் தொடர முடியாமல்போன டேவ் அராண்டா, கால் லூதரன் என்ற மூன்றாம் டிவிஷன் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். 2019இல் எல்எஸ்யூ தேசியப் பட்டம் வென்றபோது டிஃபென்ஸ் அவருடையது.

மார்கஸ் ஃப்ரீமேன் கதை வேறு. ஒஹாயோ ஸ்டேட்டின் லைன்பேக்கர், 2009இல் சிகாகோ பேர்ஸ் அணி தேர்ந்தெடுத்தது. இதயம் பெரிதாகியிருப்பது மருத்துவப் பரிசோதனையில் தெரிந்து ஆட்டத்தை விட்டார். 2010இலேயே தன் பழைய கல்லூரியில் கிராஜுவேட் அசிஸ்டன்ட். பிறகு கென்ட் ஸ்டேட், பர்டூ, சின்சினாட்டி, நோட்டர் டேம். 2021 டிசம்பரில் நோட்டர் டேமின் தலைமைக் கோச் ஆனார்.

நீங்கள் இன்னும் கல்லூரி மாணவர் என்றால் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் கல்லூரியின் ஃபுட்பால் அலுவலகத்துக்குப் போய் "மாணவர் உதவியாளராகச் சேரலாமா?" என்று நேரில் கேளுங்கள். மின்னஞ்சல் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். வீடியோ எடுப்பது, கூம்பு அடுக்குவது, தண்ணீர் கொண்டுபோவது என்று எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டப்படிப்பை முடித்தே ஆகவேண்டும், ஏனென்றால் அடுத்த படிக்கு அது கட்டாயம். எந்தப் பாடம் என்பது பெரிதில்லை. கல்வியியல், உடற்பயிற்சியியல் படித்தவர்கள் அதிகம். கணக்கும் வரலாறும் படித்தவர்களும் நிறைய.

படிப்பு முடிந்துவிட்டதா? அப்படியானால் ஹைஸ்கூல் அணியில் உதவிக் கோச்சாகச் சேருங்கள். பள்ளி ஆசிரியர் வேலையும் சேர்ந்து கிடைத்தால் இன்னும் நல்லது. வகுப்பறையில் முப்பது பிள்ளைகளைக் கட்டிப்போடத் தெரிந்தவருக்கு மீட்டிங் அறையில் எட்டு லைன்பேக்கர்களைக் கட்டிப்போடுவது கைவந்துவிடும்.

கிராஜுவேட் அசிஸ்டன்ட்: எல்லாம் இங்கேதான் முடிவாகிறது

சுருக்கமாக ஜிஏ என்பார்கள். முதுகலைப் படிப்பில் சேர வேண்டும். கல்விக் கட்டணத்தைக் கல்லூரி ஏற்றுக்கொள்ளும், கையில் சிறிய உதவித்தொகை கிடைக்கும். பெரும்பாலும் இரண்டு வருட வேலை. நிக் சேபனும் இங்கிருந்து தொடங்கியவர்தான், 1973இல் கென்ட் ஸ்டேட்டில் டான் ஜேம்ஸிடம். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: இந்தத் தொழில் ஒத்துவராவிட்டாலும் கடன் இல்லாத ஒரு முதுகலைப் பட்டம் பிள்ளையின் கையில் மிஞ்சும். நம் வீடுகளில் அதற்கு இருக்கும் மதிப்பு உங்களுக்கே தெரியும்.

வேலை இரண்டு வகை. ஒன்று, எதிரணியின் ஆட்டங்களைப் பார்த்து ஒவ்வொரு பிளேயையும், அதாவது ஒவ்வொரு தடவை பந்து ஆடப்படுவதையும், கம்ப்யூட்டரில் பதிவது. எத்தனையாவது டவுன், எத்தனை கஜம் மிச்சம், மைதானத்தில் பந்து எங்கே, எந்த ஆட்கள், எந்த அணிவகுப்பு, ஓட்டமா பாஸா. ஒரே எதிரணியின் நான்கைந்து ஆட்டங்களைப் பதிந்தால் நூற்றுக்கணக்கான வரிகள் சேரும். நீங்கள் ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பினால், அந்தத் தவறு சனிக்கிழமை கோஆர்டினேட்டரின் கையில் இருக்கும் தாளில் போய் உட்காரும்.

மற்றொன்று, ஸ்கவுட் கார்டு வரைவது. நம் டிஃபென்ஸுக்குப் பயிற்சி கொடுக்க, நம் அணியின் இளைய ஆட்டக்காரர்களே எதிரணியின் அஃபென்ஸைப் போல் ஆடிக் காட்டுவார்கள். அவர்களுக்கு அந்த பிளே தெரியாது. ஜிஏ ஒரு பெரிய அட்டையில் வட்டமும் கோடுமாக வரைந்து, கூட்டத்தின் நடுவில் தூக்கிப் பிடிப்பார். ஐந்து விநாடி பார்ப்பார்கள், போய் நிற்பார்கள், ஆடுவார்கள்.

நான் வீடியோ எடுத்த அணியில் ஒரு புதன்கிழமை நடந்தது இது. ஓட்டப் பயிற்சி நேரம். லைன்பேக்கர்கள் வரிசையாகத் தப்பான பக்கம் ஓடினார்கள், முதல் முறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை. கோச் விசிலை ஊதிவிட்டு நேராக ஜிஏவிடம் போய் அட்டையை வாங்கிப் பார்த்தார். இடது கார்டு, அதாவது சென்டருக்கு இடதுபக்கம் நிற்கும் லைன்மேன், எதிரணியின் உண்மையான பிளேயில் தன் இடத்தை விட்டு வலப்புறமாக ஓடுவார். அட்டையில் அவருக்கு நேராக முன்னே போகும் கோடு போட்டிருந்தது. லைன்பேக்கர்கள் அந்த லைன்மேனைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள், ஆகவே அவர்கள் செய்தது சரி. தப்பு அந்த ஒரு கோட்டில். அன்று இரவு பத்து மணிக்கு நான் கேமராவைத் திருப்பி வைக்கப் போனபோது கோச்சும் அந்த இளைஞரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வியாழக்கிழமைக்கான அட்டைகள் எல்லாவற்றையும் மறுபடி வரைந்துகொண்டிருந்தார்கள். கோச் திட்டியதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் "இவன் ஏன் இங்கே போகிறான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜிஏ காலத்தில் கற்க வேண்டியது முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. வரைவதோடு நின்றுவிட்டால் இரண்டு வருடம் போனதுதான் மிச்சம். எதிரணியின் கோஆர்டினேட்டர் ஏன் அப்படி வகுத்தார் என்று ஒவ்வோர் அட்டைக்கும் பதில் தெரிந்துவைத்திருந்தால், பிரிவுக் கோச் திடீரென்று உங்கள் பக்கம் திரும்பும் நாளில் நீங்கள் தயாராக இருப்பீர்கள்.

இந்த வேலையை எப்படிப் பிடிப்பது? அறிவிப்பு வந்து விண்ணப்பித்துக் கிடைப்பது குறைவு, பெரும்பாலும் ஒருவர் போனில் உங்களுக்காகச் சொல்லும் வார்த்தையில் கிடைக்கிறது. அமெரிக்க ஃபுட்பால் கோச்சுகள் சங்கம் ஒவ்வொரு ஜனவரியிலும் பெரிய மாநாடு நடத்துகிறது. ஓட்டல் நடைகூடங்களில் ஆயிரக்கணக்கான கோச்சுகள் நடமாடுவார்கள். அங்கே போய் விசிட்டிங் கார்டு கொடுப்பதைவிட, ஒருவரிடம் ஒரு நல்ல கேள்வி கேட்டுவிட்டு வருவது பலன் தரும். கோடையில் கல்லூரிகள் நடத்தும் கேம்ப்களில் சம்பளம் பாராமல் வேலை செய்யுங்கள். டான் லானிங் 2011இல் மிசூரியில் ஹைஸ்கூல் கோச். இரவெல்லாம் காரோட்டி பிட்ஸ்பர்க் போய் நின்று வேலை கேட்டார், கிடைத்தது. பத்து வருடம் கழித்து அவர் ஜார்ஜியாவின் பட்டம் வென்ற டிஃபென்ஸை நடத்தினார். இப்போது ஆரிகானின் தலைமைக் கோச்.

ஒரு பிரிவை எடுத்து அதில் ஊறிப்போங்கள்

ஜிஏ முடிந்ததும் அடுத்த படி பிரிவுக் கோச். இங்கே உங்கள் உண்மையான தொழில் ஆசிரியர் தொழில். பத்தொன்பது வயதுப் பையனின் கால் எங்கே இருக்க வேண்டும், கண் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லி, அது அவன் உடம்பில் பழக்கமாகும் வரை விடாமல் திருத்த வேண்டும்.

லைன்பேக்கரையே எடுத்துக்கொள்வோம். புதிதாக வருகிறவன் பந்தைப் பார்ப்பான். பந்து பொய் சொல்லும், பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் அதைக் கொடுப்பதுபோல் கொடுத்து எடுத்துக்கொள்வார். எதிரே நிற்கும் கார்டு என்ற லைன்மேனால் அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்ல முடியாது. அவன் முன்னே பாய்ந்தால் ஓட்டம். பின்னே எழும்பி நிமிர்ந்தால் பாஸ். பக்கவாட்டில் ஓடினால் பந்தும் அந்தப் பக்கம். பந்தைப் பின்னால் கொடுத்து பிளேயைத் தொடங்கும் ஸ்னாப்புக்கு முன்பே பார்க்க இன்னொன்று இருக்கிறது. தரையில் ஊன்றிய கையில் பாரம் அதிகமாகி விரல் கணுக்கள் வெளுத்திருந்தால் முன்னே பாயப்போகிறான். கை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் பின்னே போகப்போகிறான். இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். நான்காவது குவார்ட்டரில், எழுபதாயிரம் பேர் கத்தும்போது, மூச்சிரைக்க நிற்கும் பையன் பந்தைப் பார்க்காமல் அந்தக் கையைப் பார்க்கும்படி செய்வதற்கு ஒரு வருடம் ஆகும். கோச்சுக்குச் சம்பளம் அந்த ஒரு வருடத்துக்குத்தான்.

கற்க வேண்டிய மற்ற அடிப்படைகள் எந்தப் பிரிவானாலும் பொது. லைன்மேன்களுக்கு இடையிலான சந்துகளுக்கு ஏ, பி, சி, டி என்று பெயர். ஓட்டத்தைத் தடுப்பது என்றால் ஒவ்வொரு சந்துக்கும் ஓர் ஆள் பொறுப்பு என்பதுதான், ஒருவர் தவறினாலும் அங்கே கதவு திறந்துவிடும். கவரேஜுகளுக்கு எண் உண்டு. ஆழத்தில் எத்தனை பேர் காவல் நிற்கிறார்கள் என்பதை வைத்து கவர் 1, கவர் 2, கவர் 3 என்பார்கள். நால்வர் நின்றால் குவார்ட்டர்ஸ்.

கல்லூரி ஆட்டத்துக்கென்று ஒரு தனிக் கணக்கும் இருக்கிறது. மைதானத்தின் அகலம் 160 அடி. ஒவ்வொரு பிளேயும் இரண்டு ஹாஷ் கோட்டு வரிசைகளுக்குள்தான் தொடங்கும், கல்லூரியில் அவற்றுக்கு நடுவே 40 அடி. தொழில்முறை லீக்கில் பதினெட்டரை அடிதான். ஆகவே கல்லூரியில் பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அந்த அகன்ற பக்கத்தில் உங்கள் வேகமான ஆட்களையும், குறுகிய பக்கத்தில் பலசாலிகளையும் நிறுத்துவது கல்லூரி டிஃபென்ஸின் பாதி வித்தை. தொலைக்காட்சியில் தொழில்முறை ஆட்டம் பார்த்தே வளர்ந்தவர்கள் இதைப் பலமுறை கவனிப்பதில்லை, நேர்முகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

டாக்லிங், அதாவது பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்து வீழ்த்துவது பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தலையால் முட்டுவதைத் தடுக்கும் டார்கெட்டிங் விதிக்கு 2013 முதல் ஆட்டத்தை விட்டு வெளியேற்றும் தண்டனை உண்டு. தண்டனைக்கு முன்னால் பையனின் கழுத்தும் மூளையும் இருக்கின்றன. கண்ணை மேலே வைத்து, தலையை ஓரமாக விலக்கி, தோளால் மோதி, கையால் சுற்றிப் பிடிப்பதை ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடமாவது பழக்காத கோச்சை நான் மதிப்பதில்லை.

ஒரு வாரம் எப்படி ஓடுகிறது

சீசனில் ஞாயிறு காலை முந்தைய நாள் ஆட்டத்தைப் பார்த்து ஒவ்வோர் ஆளுக்கும் மதிப்பெண் போடுவதில் தொடங்கும். மதியத்துக்குள் அடுத்த எதிரணி திரையில் வந்துவிடும். திங்கள் இரவுக்குள் அடிப்படைத் திட்டம் தயாராக வேண்டும். செவ்வாய் முதல் இரண்டு டவுன்களுக்கான பயிற்சி, புதன் மூன்றாவது டவுன், வியாழன் கோல் பக்கத்துக் கடைசி 20 கஜம், வெள்ளி லேசாக நடந்து பார்த்தல், சனி ஆட்டம். அணிக்கு அணி சற்று மாறும், வரிசை ஏறக்குறைய இதுதான்.

ஆட்டக்காரர்கள் மாணவர்கள் என்பதால் அவர்களுக்குச் சீசனில் வாரம் 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம்தான் கட்டாய வேலை வைக்கலாம், ஒரு நாள் விடுமுறை கட்டாயம். கோச்சுகளுக்கு அப்படி வரம்பு எதுவும் இல்லை. ஆட்டக்காரரிடம் செலவிட முடிகிற நேரம் குறைவு என்பதால், அந்த நேரத்தில் என்ன சொல்வது என்று சுருக்குவதற்காகத்தான் கோச் நள்ளிரவு வரை உட்காருகிறார். இருபது விஷயம் தெரிந்துகொண்டு மூன்றை மட்டும் சொல்லும் அடக்கம் வேண்டும். இளம் கோச்சுகள் இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். தனக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டிவிடுவார்கள், பையன் மைதானத்தில் யோசித்துக்கொண்டே நிற்பான்.

சீசன் முடிந்தால் ஓய்வு என்று நினைக்க வேண்டாம். டிசம்பரில் புதிய மாணவர்கள் கையெழுத்திடும் காலம், வசந்தத்தில் 15 நாள் பயிற்சி, கோடையில் கேம்ப், ஆகஸ்ட்டில் மறுபடி தொடக்கம். கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாவற்றையும் இந்த நாட்காட்டிக்குள் பொருத்தப் பார்க்கும் குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். துணைவரிடம் இதை முதலிலேயே மனம்விட்டுப் பேசிவிடுங்கள்.

ஆள் எடுப்பது

ரெக்ரூட்டிங் பிடிக்காது என்பவர்கள் மேல்தட்டில் நீடிக்க முடியாது. ஒவ்வோர் உதவிக் கோச்சுக்கும் ஒரு நிலப்பகுதி ஒதுக்கப்படும். தெற்கு டெக்சாஸ், அட்லாண்டா நகரம், ஒஹாயோவின் வடகிழக்கு என்று. அங்கிருக்கும் ஹைஸ்கூல் கோச்சுகளின் பெயர், பள்ளி எங்கே, எந்தப் பையனின் வீட்டில் முடிவெடுப்பது யார் என்று எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பலசமயம் பாட்டிதான் முடிவெடுப்பார்.

2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தபிறகு, பிற கல்லூரியில் ஆடிக்கொண்டிருப்பவர்களையும் எடுக்க வேண்டியிருக்கிறது, உங்கள் ஆட்களைத் தக்கவைக்கவும் வேண்டியிருக்கிறது. 2025 கோடையில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தின்படி கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் வருட உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். பேரம் பேசுவது இன்று பெரும்பாலும் ஜெனரல் மேனேஜர் என்ற புதிய பதவிக்காரரின் வேலை. உதவிக் கோச்சின் வேலை பையனை நேர்மையாக எடைபோட்டு "இவனுக்கு இவ்வளவு தகும்" என்று சொல்வது. நிறைவேற்ற முடியாத வாக்கை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கொடுக்காதீர்கள். அந்த ஹைஸ்கூலுக்கு மறுபடி போக முடியாமல் போய்விடும்.

எப்போது இடம் மாறுவது, எப்போது கீழே இறங்குவது

லானிங் 2014இல் சாம் ஹியூஸ்டன் ஸ்டேட்டில் முழுநேரக் கோச். 2015இல் அலபாமாவுக்கு ஜிஏவாக இறங்கிப் போனார். அப்போது அங்கே டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் கிர்பி ஸ்மார்ட். மூன்று வருடத்தில் ஸ்மார்ட்டே அவரை ஜார்ஜியாவுக்கு அழைத்துக்கொண்டார். ஸ்மார்ட் 2002இல் செய்ததையே லானிங்கும் செய்திருக்கிறார்.

எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. இறங்குவதற்கு முன் நான்கு விஷயம் பாருங்கள். அந்தக் கோஆர்டினேட்டர் தன் மீட்டிங்கில் இளையவர்களைப் பேச விடுகிறாரா? அவரிடம் இருந்தவர்கள் பிறகு எங்கே போனார்கள்? தலைமைக் கோச்சின் நாற்காலி உறுதியா? இரண்டு வருடம் குறைந்த வருமானத்தைக் குடும்பம் தாங்குமா? கடைசிக் கேள்விக்குப் பதில் "தாங்காது" என்றால் போகாதீர்கள், குடும்பத்தை அடகுவைத்துக் கற்றது நிலைக்காது.

எதிர்த்திசையிலும் ஒரு நல்ல வழி உண்டு. சிறிய கல்லூரிக்குப் போய் இளம் வயதிலேயே பிளே கூப்பிடும் பொறுப்பை, அதாவது ஒவ்வொரு பிளேக்கும் என்ன ஆடுவது என்று சொல்லும் பொறுப்பை வாங்கிக்கொள்வது. மைக் எல்கோ பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேஃப்டியாக ஆடியவர். ஸ்டோனி புரூக், ஃபோர்டாம், ரிச்மண்ட், ஹாஃப்ஸ்ட்ரா, பௌலிங் கிரீன், வேக் ஃபாரஸ்ட் என்று வெளிச்சம் குறைந்த இடங்களாகவே ஏறி நோட்டர் டேமுக்கும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்முக்கும் போனார், இன்று அங்கே தலைமைக் கோச்.

ஒரே இடத்தில் வேர்விட்டவர்களும் இருக்கிறார்கள். பட் ஃபாஸ்டர் 1987இல் ஃபிராங்க் பீமருடன் வர்ஜீனியா டெக்குக்கு வந்தார். 1995 முதல் 2019 வரை டிஃபென்ஸை நடத்தினார். அவருடைய டிஃபென்ஸின் அடையாளம் தொழிலாளி வேலைக்கு எடுத்துப்போகும் நசுங்கிய தகரச் சாப்பாட்டுப் பெட்டி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதைக் கூடவே எடுத்துப்போனார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மில் வேலைக்குப் போகும் நம் ஊர்க்காரர்களின் தூக்குச்சட்டி நினைவுக்கு வரும்.

கோஆர்டினேட்டர் ஆனபின்

பிளே கூப்பிடுவது எப்படி என்று நேரத்தை வைத்துச் சொல்கிறேன். ஒரு பிளே முடிந்ததும் 40 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். 2024 முதல் எஃப்பிஎஸ்ஸில் டிஃபென்ஸில் ஒருவரின் ஹெல்மெட்டில் ரேடியோ உண்டு, பின்புறம் பச்சைப் புள்ளி இருக்கும். கடிகாரம் 15ஐத் தொட்டதும் இணைப்பு துண்டிக்கப்படும். அதிகபட்சம் 25 விநாடி. அதற்குள் எதிரணியில் யார் உள்ளே வந்தார்கள் என்று அரங்கின் மேலே பூத் என்ற அறையில் இருக்கும் கோச் சொல்வார். ஓர் ஓட்டக்காரர், ஒரு டைட் எண்ட் (லைனின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) என்றால் "லெவன்". டைட் எண்ட் இருவர் என்றால் "ட்வெல்வ்". டவுன், தூரம், ஹாஷ் மூன்றையும் சேர்த்துத் தாளில் ஒரு வரியைத் தேடி, அழைப்பைச் சொல்லி, லைன்பேக்கர் அதை மற்றப் பத்துப் பேருக்கும் கடத்த வேண்டும். எதிரணி வேகமாக ஆடினால் அந்த 25 விநாடியும் இல்லை. ஆட்டம் முழுக்க அறுபது எழுபது தடவை இது நடக்கும்.

புதிதாக யோசிக்கவும் இங்கே இடம் இருக்கிறது. அயோவா ஸ்டேட்டில் ஜான் ஹீகாக் 2017இல் மூன்று பேரை லைனில் வைத்து மூன்று சேஃப்டிகளைப் பின்னால் நிறுத்தும் அமைப்பைக் கொண்டுவந்தார். பாஸ் மழை பொழியும் பிக் 12 லீக்கில் தன் கையில் இருந்த ஆட்களுக்குப் பொருத்தமாக அவர் வகுத்தது அது. அந்த அக்டோபரில் மூன்றாம் இடத்தில் இருந்த ஓக்லஹோமாவை அவர்கள் ஊரிலேயே 38-31 என்று அயோவா ஸ்டேட் வென்றது. பிறகு நாடெங்கும் கோச்சுகள் அதைப் படிக்க வந்தார்கள். உங்களிடம் இருக்கும் பையன்களைப் பார்த்து டிஃபென்ஸை வகுங்கள். உங்களுக்குப் பிடித்த டிஃபென்ஸுக்குப் பையன்களை வெட்டித் திணிக்காதீர்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2018 தொடக்கத்தில் எல்எஸ்யூ அராண்டாவுக்கு நான்கு வருடத்துக்கு 1 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அது உச்சாணிக் கிளை. பெரிய லீக்குகளில் பிரிவுக் கோச்சுகளே நல்ல வசதியோடு வாழ்கிறார்கள். மூன்றாம் டிவிஷனிலோ இன்னொரு வேலையும் பார்த்துக்கொண்டு கோச்சிங் செய்கிறவர்கள் நிறையப் பேர். உதவிக் கோச்சுகளுக்கென்றே 1996 முதல் பிராய்ல்ஸ் விருது இருக்கிறது. முதல் விருது மிக்கி ஆண்ட்ரூஸுக்கு, 2009இல் கிர்பி ஸ்மார்ட்டுக்கு.

வேலை போகும் நாளுக்குத் தயாராக இருங்கள்

தலைமைக் கோச் நீக்கப்பட்டால் புதியவர் தன் ஆட்களோடு வருவார். உங்கள் டிஃபென்ஸ் அந்த வருடம் எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் சரி. பெரும்பாலும் நவம்பர் கடைசி ஞாயிறு அல்லது திங்கள், ஒரு பத்து நிமிடக் கூட்டத்தில் தெரியவரும்.

அதற்கு முன்பே செய்துவைக்க வேண்டியவை இருக்கின்றன. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே வக்கீலிடம் கொடுத்து, நீக்கப்பட்டால் மிச்சச் சம்பளம் எவ்வளவு வரும், வேறு வேலை கிடைத்தால் அதில் கழித்துக்கொள்வார்களா என்று கேட்டுவையுங்கள். ஆறு மாதச் செலவைச் சேமிப்பில் வையுங்கள். நீங்கள் பயிற்சி கொடுத்த ஆட்டக்காரர் முதல் வாரம் எப்படி நின்றார், பத்தாவது வாரம் எப்படி நின்றார் என்று பக்கத்தில் பக்கமாக வைத்த கிளிப்புகளைச் சீசன் நடக்கும்போதே சேர்த்துவாருங்கள். எந்த நேர்முகத்திலும் அதைவிடப் பெரிய சான்று கிடையாது. மீட்டிங் குறிப்புகளையும் பயிற்சி அட்டவணைகளையும் உங்கள் கையால் எழுதிய ஒரு பைண்டரில் வீட்டில் வைத்திருங்கள்.

செய்தி வந்த அன்று முதல் போன் வீட்டுக்கு. இரண்டாவது, உங்கள் பிரிவுப் பையன்களுக்கு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. செய்தித்தளத்தில் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது. மூன்றாவது, நீங்கள் ஆள் எடுக்கப் போன வீடுகளுக்கு, அந்தப் பாட்டிக்கும் சேர்த்து. நான்காவதாகத்தான் வேலை கேட்டு மற்ற கோச்சுகளுக்கு. அதற்குள் இரவாகிவிடும். மறுநாள் காலை அலுவலகத்தில் பெட்டி கட்டும்போது பைண்டரை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஜனவரி மாநாட்டுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கும்.